உருண்டைகளைப் பளபளப்பாக்கிய விர்தூதெஸ்

விர்தூதெஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய சுத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்பெயினில் எங்கள் ஃபுவென்செகா ஊரில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு முன்னால் தெருவைக் கழுவுகிறவர்கள்தான். அவள் மட்டும் பக்கத்து வீட்டு வாசலிலும் பாதியைக் கழுவிவிட்டு, மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டு வருவாள். பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து ஈரமும் அழுக்கும் பிரிகிற அந்தக் கோட்டைப் பார்த்து வெட்கப்பட்டே ஆக வேண்டும். நான் எதிர் வீட்டுக்காரன். முப்பது ஆண்டுகளாக என் வாசலிலும் அந்தக் கோட்டைப் பார்த்து வருகிறேன். எனக்கு இன்னும் வெட்கம் வரவில்லை.

என் பெயர் நிகாசியோ. இயந்திரம் பழுது பார்க்கிறவன். எங்கள் ஊர் ஒயின் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கிடங்கில் எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறை வந்தது. சியுதாத் ரெயால் நகரத்தில் வேதியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய லெயோகாடியா என்ற டாக்டரம்மா அதை ஆரம்பித்தார். அங்கே கிராஃபைட்டை அரைத்து கிராஃபீன் எடுக்கிறோம். பாரில் போய்க் கேட்டால் 'பென்சில் அரைக்கிற இடம்' என்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. பென்சிலுக்குள் இருப்பதும் கிராஃபைட்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாள்களை அடுக்கிக் கட்டிய கட்டு என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களைக் கிழிக்காமல் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் அதற்குப் பெயர் கிராஃபீன்.

பிரிப்பதற்கு மற்ற இடங்களில் கடுமையான அமிலங்களை ஊற்றுகிறார்கள். எங்கள் வழி வேறு. ஓர் எஃகு ஜாடியில் கொஞ்சம் கிராஃபைட், உடையாத தட்டு செய்யும் மெலமைன் என்ற வெள்ளைத் தூள் கொஞ்சம், பத்து எஃகு உருண்டைகள். மூடி இயந்திரத்தில் மாட்டினால் அரை மணி நேரம் மெதுவாகச் சுற்றும். உருண்டை இடித்தால் தாள் நொறுங்கிவிடும், உரசினால்தான் பிரியும். பிறகு வெந்நீரில் கழுவினால் மெலமைன் கரைந்து வெளியே போய்விடும். அந்த நீர் ஆறியதும் மெலமைன் மறுபடி வெள்ளையாக அடியில் படியும், எடுத்து அடுத்த நடைக்குப் போடலாம். நீரையும் மறுபடி சுட வைக்கலாம். மிஞ்சுகிற சரக்கை நல்ல நீரில் கலக்கி ஐந்து நாள் அசைக்காமல் வைத்தால் பிரியாத கட்டிகள் கீழே தங்கும். மேலே நிற்பதை எடுத்து உறைய வைத்து உலர்த்தினால் வேலை முடிந்தது. எங்கள் குப்பைத் தொட்டியில் ரொட்டித் துணுக்கைத் தவிர எதுவும் விழாது என்று டாக்டரம்மா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடிப்பார். ரொட்டித் துணுக்கு விழுந்தாலும் விர்தூதெஸ் விட்டுவைக்க மாட்டாள்.

அவள் அங்கே தரை துடைக்கத்தான் வந்தாள். அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் ஊர் சுகாதார நிலையத்தில் துடைத்தாள். சின்ன வயதில் திராட்சை பறித்தாள், கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பெருக்கினாள். எல்லாம் மூன்று மாத வேலை, ஆறு மாத வேலை, லீவில் போனவளுக்குப் பதில் வேலை. ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் நிரந்தரம் என்று எழுதிய ஒரு காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. அதற்காக அழுது நான் பார்த்ததும் இல்லை. அவளுடைய கணவன் உர்பானோ வைத்த பிஸ்தா மரங்கள் ஏழாவது ஆண்டில் முதல் முறை காய்த்தபோது, வாளியில் கொஞ்சம் அள்ளி வந்து தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது வாசலைக் கழுவச் சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

துடைப்பத்திலிருந்து அவளைத் தராசுக்குக் கொண்டுபோனது குங்குமப்பூ. அக்டோபரில் எங்கள் பக்கத்தில் பூக் கிள்ளும் போட்டி நடக்கும். நூறு பூவிலிருந்து சிவப்பு நூலை மட்டும் யார் சீக்கிரம், சுத்தமாக எடுக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு வருடம் விர்தூதெஸுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவளின் தட்டில் மஞ்சள் துணுக்கு இருந்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டரம்மா கூட்டத்தில் நின்று அந்த விரல்களைப் பார்த்திருக்கிறார். மறுநாளே கூப்பிட்டுத் தராசுக்கு முன் உட்கார வைத்தார். ஒரு வருடத்துக்குள் அளப்பது, ஜாடி நிரப்புவது, அரைப்பது, கழுவுவது எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் காகிதத்தில் அவள் துப்புரவுப் பணியாளர்தான். காலையில் ஒரு மணி நேரம் தரையும் துடைப்பாள்.

இந்த வசந்தத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. பில்பாவோ பக்கத்தில் இரும்புப் பாலங்களுக்குத் துருப்பிடிக்காத பெயிண்ட் செய்கிற கம்பெனி ஒன்று எங்கள் சரக்கைக் கலந்து பார்க்க விரும்பியது. மே மாதக் கடைசியில் அவர்களுடைய ஆள் எடூர்னே என்ற பெண் வந்து பார்த்து, மாதிரி வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. விர்தூதெஸின் ஒப்பந்தமும் மே முப்பத்தொன்றோடு முடிகிறது. பெயிண்ட்காரர்கள் சரி என்றால் 'அரைவை இயந்திர இயக்குநர், நிரந்தரம்' என்று எழுதிக் கொடுப்பதாக டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் அவரால் அவளை வைத்துக்கொள்ள முடியாது. சியுதாத் ரெயால் பஸ் நிலையத்தில் துடைக்கிற வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஆக, அரைவை மில்லா துடைப்பமா என்பது அந்த மாதிரியில் இருந்தது.

இப்போது எங்கள் ஊர்ப் பெண்களின் புத்தியைக் கேளுங்கள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் இவர்களுக்குக் கை அரிக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கதவுக் கைப்பிடியைத் தேய்ப்பார்கள், கழிவறையில் சல்ஃபுமான் ஊற்றுவார்கள். சல்ஃபுமான் என்றால் கடையில் பாட்டிலில் விற்கிற காரமான அமிலம். எலும்பைக்கூட வெள்ளையாக்கிவிடும். மே முதல் சனிக்கிழமை விர்தூதெஸ் நான்கு ஜாடிகளையும் நாற்பது உருண்டைகளையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். வாங்கியதிலிருந்து ஐந்து ஆண்டு அரைவையில் அவை கன்னங்கரேல் என்று ஆகியிருந்தன. நடைகளுக்கு நடுவே காய்ந்த தாளால் துடைத்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. பில்பாவோக்காரி இந்தக் கறுப்பைப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள் என்று விர்தூதெஸுக்குத் தூக்கமே வரவில்லையாம். சல்ஃபுமானில் ஊறப் போட்டு, இரும்பு நாரால் ஒவ்வோர் உருண்டையாகத் தேய்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை அவற்றை மேசையில் வரிசையாக வைத்தாள். முகம் பார்க்கலாம் போலிருந்தது. நான் ஓர் உருண்டையை எடுத்து அதில் என் மூக்கைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் இந்த இடம் ஒரு தொழிற்சாலை மாதிரி இருக்கிறது என்று பாராட்டினேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா அன்று மாட்ரிட் போயிருந்தார். மாதிரிக்கான நான்கு ஜாடிச் சரக்கும் அன்றே அரைபட்டது.

வெள்ளிக்கிழமை காலை, படிய வைத்திருந்த கண்ணாடிப் பாத்திரங்களில் கறுப்பு நீரின் விளிம்பில் ஒரு பழுப்பு வளையம் நின்றது. முதலில் பார்த்தவள் விர்தூதெஸ். டாக்டரம்மா ஒரு சொட்டை எடுத்துச் சோதித்துவிட்டு, இரும்பு என்றார். துருப்பிடிக்காத பெயிண்டுக்குத் துருவை விற்கப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரைச் சந்தேகித்தார். கிராஃபைட் மூட்டையைச் சந்தேகித்தார். கடைசியில் என் இயந்திரத்தைச் சந்தேகித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எட்டு ஆண்டுகளாக அந்த இயந்திரத்தைக் குழந்தை மாதிரிப் பார்த்து வருகிறேன். சனிக்கிழமை முழுவதும் அதைக் கழற்றி ஒவ்வொரு பேரிங்காக அவருக்கு முன்னால் வைத்து, இதில் துரு எங்கே, காட்டுங்கள் என்று கத்தினேன். அவரும் கத்தினார். விர்தூதெஸ் ஒரு மூலையில் நின்று ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் மிகாஸ். காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் பூண்டும் எண்ணெயும் போட்டு இரும்புச் சட்டியில் கிளறுகிற சாப்பாடு அது. எங்கள் ஊரில் அந்தச் சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவன் இல்லை. கழுவினால் எண்ணெய் ஏறிய கறுப்பு போய்விடும். அடுத்த முறை எல்லாம் அடி பிடிக்கும், இரும்பு வாசனையும் அடிக்கும். அன்றைக்கு உர்பானோவுக்கு என்ன புத்தி வந்ததோ, மனைவிக்கு உதவுகிறேன் என்று சட்டியைத் தொட்டியில் போட்டு இரும்பு நாரை எடுத்திருக்கிறான். அவள் போட்ட சத்தம் எதிர் வீட்டில் எனக்குக் கேட்டது. அடுத்த நொடி சத்தம் அப்படியே நின்றுபோனதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் தெருவைத் தாண்டி என் சமையலறைக்குள் வந்து நின்றாள். கை ஈரம் காயவில்லை.

"நிகாசியோ, உன் மில்லு இல்ல. நான்தான்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் உட்காராமலேயே சொன்னாள். உருண்டைகளில் இருந்த கறுப்பு அழுக்கு இல்லை. ஐந்து ஆண்டுகளாக ஏறிய கிராஃபைட் பூச்சு. எஃகும் எஃகும் நேராக உரசாமல் அதுதான் காத்து வந்தது. சட்டிக் கறுப்பு மாதிரிதான். அதை அமிலத்தில் போட்டு உரித்துவிட்டாள். அமிலம் அரித்த வெறும் எஃகு இப்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சரக்கில் கலக்கிறது.

நான் யோசித்தேன். அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை நான், ஆனால் அன்று யோசித்தேன். பிறகு சொன்னேன். "இத பாரு, வாயத் திறக்காத. நான்தான் பேரிங்குல தப்பான கிரீஸ் போட்டேன்னு சொல்லிடுறேன். நான் பர்மனென்ட். என்னைத் திட்டலாம், தூக்க முடியாது. உன்னை மே முப்பத்தொண்ணுக்கு அப்புறம் யாரு கூப்பிடப் போறா?"

பக்கத்து வீட்டு வாசலின் கழுவாத பாதியைப் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப உன் மில்லைத் திரும்பக் கழட்டுவாங்க. கிரீஸ மாத்துவாங்க. அடுத்த நடையிலயும் துரு வரும். காரணம் என் வயித்துக்குள்ள உக்காந்திருக்கும். நான் பஸ் ஸ்டாண்டுல துடைச்சுக்கிட்டே அதையே நெனச்சிக்கிட்டு இருக்கணுமா?"

"பாராட்டினவன் நான்தானே," என்றேன்.

"உன் பாராட்டுக்கு யாரு மரியாதை குடுத்தா? உன் வாசலைப் போய்ப் பாரு."

திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். டாக்டரம்மா ஒரு பளபளத்த உருண்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் உருட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் திட்டவில்லை. "காஞ்ச தாளால துடைச்சா போதும்னு மட்டும் சொன்னேன். ஏன்னு உங்ககிட்ட ஒரு தடவகூட சொல்லல. உங்களுக்கு அது தேவையில்லைன்னு நெனச்சேன் போல," என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. என் இயந்திரத்திடமும் மன்னிப்புக் கேட்டார். சரியாகச் சொன்னால் என்னிடம்தான் கேட்டார், ஆனால் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜாடிகளுக்கு மறுபடி தீனி போட்டு அந்தக் கறுப்பை ஏற்ற வேண்டும். வீணாகப் போகிற கிராஃபைட்டைப் போட்டுச் சுற்றுவது, கொட்டுவது, மறுபடி போட்டுச் சுற்றுவது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விர்தூதெஸ் காந்தத்தைத் தாளில் சுற்றித் தூளுக்குள் விட்டு எடுப்பாள். தட்டினால் கிராஃபைட் உதிர்ந்துவிடும், இரும்பு மட்டும் மீசை மாதிரி ஒட்டி நிற்கும். அந்தத் தாளை நனைத்துக் காய வைப்பாள். மறுநாள் பழுப்புக் கறை எவ்வளவு பெரிது என்று பார்த்து, மூலையில் எண் எழுதிக் கொடியில் கிளிப்பு மாட்டித் தொங்கவிடுவாள். கொட்டிய கிராஃபைட்டையும் அவள் எறியவில்லை. ஊரில் கேட் கீல் செய்கிற பட்டறைக்கு மசகுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை டாக்டரம்மா வந்து, இன்றைக்கு மாதிரியை அரைத்தால்தான் படிந்து உலர்ந்து எடூர்னே வருகிற நாளுக்குத் தயாராகும், இன்றைக்கே அரைத்துவிடலாம் என்றார். விர்தூதெஸ் முந்தின நாள் தாளைக் காட்டினாள். அதில் மிளகு அளவுக்கு ஒரு கறை இருந்தது.

"இன்னும் இல்ல, டாக்டரம்மா."

"இவ்வளவுதானே? அவங்க கருவிக்கு இது தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"விர்தூதெஸ், தேதி தாண்டிட்டா என்னால உங்களை வெச்சுக்க முடியாது. தெரியும்தானே?"

"தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவது சுற்றுக்கு ஜாடியை நிரப்ப ஆரம்பித்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க நான் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் எடூர்னே வந்தபோது கொடுக்க எதுவும் இல்லை. மாதிரி படிகிற மூன்றாவது நாளில் இருந்தது. எடூர்னே அறுபதை நெருங்கிய, பேச்சில் சிக்கனமான பெண். அறுநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தது தண்ணீரைப் பார்க்கவா என்று கேட்டாள். டாக்டரம்மா ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். விர்தூதெஸ் குறுக்கே வந்து, தான் உருண்டைகளைத் தேய்த்ததையும் துரு வந்ததையும் சொல்லி, கொடியிலிருந்த தாள்களைக் கழற்றி மேசையில் பரப்பினாள்.

எடூர்னே கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து பத்தொன்பது வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினாறாவது தாளில் கடைசியாக ஒரு ஊசி முனைப் புள்ளி. பதினேழு சுத்தம்.

"பதினேழுலயே கறை இல்லையே. பத்தொன்பது வரைக்கும் ஏன் ஓட்டினீங்க?"

"ஒரு தடவை இல்லைன்னா இல்லைன்னு நம்ப மாட்டேன்," என்றாள் விர்தூதெஸ். "அதனாலதான் எங்க தெருவுல என்னை யாருக்கும் பிடிக்காது."

எடூர்னே சிரிக்கவில்லை. தாள்களை வரிசை மாறாமல் அடுக்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். சரக்கு உலர்ந்ததும் அனுப்புங்கள், என் ஆட்களைவிட இந்த அம்மாள் கடுமையாகச் சோதித்திருக்கிறாள், நான் ஒரு நாளில் பதில் சொல்கிறேன் என்றாள். போவதற்கு முன் எங்களோடு உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டாள். இரண்டாவது துண்டு சீஸைக் கேட்டு வாங்கினாள். அதைத்தான் நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

மே இருபத்தொன்பதாம் தேதி மதியம் பதில் வந்தது. இரும்பு இல்லை, முதல் ஆர்டர் ஜூலைக்கு. மறுநாள் டாக்டரம்மா ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தார். விர்தூதெஸ் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். ஆறு மாதச் சோதனைக் காலம் என்று ஒரு வரி இருந்தது. டாக்டரம்மா பேனாவை வாங்கி அந்த வரியைத் தானே அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் விர்தூதெஸ் கையெழுத்துப் போட்டாள். கண் கலங்கியிருந்தது. அது மெலமைன் தூள் என்று சொன்னாள்.

பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப தரையை யாரு துடைக்கிறது?"

எல்லோரும் முறை வைத்துத் துடைப்பது என்று டாக்டரம்மா முன்னமே முடிவு செய்திருந்தார். திங்கள் அவர், செவ்வாய் நான், புதன் கணக்குப் பார்க்கிற ப்ரிமிதீவோ. அப்படிப் போன பட்டியலில் விர்தூதெஸ் பெயர் வெள்ளிக்கிழமைக்குத்தான் வந்தது.

ஜூன் முதல் திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா வாளியும் மாப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். வேதியியலில் பெரிய ஆள்தான், ஆனால் மாப்பைப் பிழியத் தெரியாது. அழுக்குத் தண்ணீரையே அறை முழுக்க இழுத்துக்கொண்டு போனார். விர்தூதெஸ் தராசுக்கு முன் காபியோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பு அவள் மேசைக்குக் கீழே வந்தபோது காலைத் தூக்கிக்கொண்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்தேன். பதின்மூன்று வயதில் திராட்சை பறிக்கப் போனதிலிருந்து இன்று வரைக்கும் அவள் செய்ததிலேயே கடினமான வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். டாக்டரம்மா முடித்துவிட்டு நிமிர்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஜன்னல் மூலை விட்டுப்போச்சு, டாக்டரம்மா," என்றாள் விர்தூதெஸ். ஆனால் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மாதான் திரும்பிப் போய் அந்த மூலையைத் துடைத்தார்.